நம் கேள்வி வாக்குச் சீட்டில் ஏறட்டும்

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலைப் பகுதிகளின் குடியிருப்போர் நலச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்:

மனு எழுத உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், ஏரிக்கரை ஆக்கிரமிப்பு, குப்பை, குடிநீர், பள்ளிக்கூட வழியில் நிற்கும் டாஸ்மாக் கடை என்று எதற்கெல்லாம் மனு கொடுக்கலாமோ அதற்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள். மண்டல அலுவலகம், மாநகராட்சி ஆணையர், திங்கட்கிழமை தோறும் நடக்கும் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், முதல்வரின் முகவரி என எல்லாக் கதவுகளையும் தட்டியாயிற்று. அவற்றால் ஆன வேலைகளும் உண்டு, அவற்றைச் சிறிதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த மனுவானாலும் அதை எடுத்துக்கொள்வதா, எப்போது எடுத்துக்கொள்வது, என்ன பதில் சொல்வது என்ற மூன்றையும் முடிவு செய்வது மனுவை வாங்கியவர்தான். கொடுத்தவர் கையில் மிஞ்சுவது ரசீது எண். ஆகவே இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். ஒரு வார்டின் வாக்காளர்களில் குறிப்பிட்ட பங்கினர் கையெழுத்திட்டு ஒரு கேள்வியை எழுப்பினால், அந்தக் கேள்வியை வார்டு மக்கள் முன் ரகசிய வாக்கெடுப்புக்கு விட்டே ஆக வேண்டும். முடிவை மாநகராட்சி ஏற்று நடக்க வேண்டும். இதைச் சட்டமாக எழுதித் தரும்படி கேட்போம். சாலை வேண்டும், விளக்கு வேண்டும் என்ற நம் பழைய கோரிக்கைகளோடு இந்த உரிமையும் சேரட்டும். சேர்ந்தால் மற்றவற்றின் வலு மாறிவிடும் என்பதே என் வாதம்.

நம் மாநகராட்சி பிறந்த விதத்தையே முதல் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டு 70 வார்டுகளும் 5 மண்டலங்களும் கொண்ட தாம்பரம் மாநகராட்சி உருவானது. பல்லாவரம் நகராட்சி, சிட்லபாக்கம் பேரூராட்சி என்றெல்லாம் தனித்தனியே வரவு செலவுத் திட்டமும் மன்றமும் கொண்டிருந்த பத்து அமைப்புகள் ஒரே நாளில் மறைந்தன. அந்த முடிவு நல்லதா கெட்டதா என்பது இங்கே விவாதமில்லை. பெரிய வடிகால் திட்டங்களுக்கும் குடிநீர்த் திட்டங்களுக்கும் ஒரே நிர்வாகம் தேவை என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த முடிவு எடுக்கப்பட்ட காலத்தில் இந்தப் பத்து அமைப்புகளில் ஒன்றில்கூட மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். ஆக, நம் ஊர்களின் தலையெழுத்தை மாற்றிய முடிவில் நேரடியாக நம்மையும் கேட்கவில்லை, நம் சார்பில் பேசக் கவுன்சிலரும் இருக்கவில்லை. ஒருவழியாகத் தேர்தல் நடந்து மன்றம் அமைந்த சில வாரங்களில், 2022 ஏப்ரல் தொடக்கத்தில், சொத்து வரியை 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தும் அறிவிப்பு மாநில அரசிடமிருந்து வந்தது. அந்த அறிவிப்பு தேர்தலுக்கு முன் நம் முன்னே வைக்கப்படவில்லை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை போடும் வாக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க உதவுகிறது. அந்த ஐந்தாண்டுக்குள் எழும் ஒவ்வொரு பெரிய கேள்விக்கும் அந்த ஒரே வாக்கைப் பதிலாகக் கொள்ள முடியாது.

இதற்கு விடையாகத்தான் பகுதி சபை வந்தது என்று சிலர் சொல்வார்கள். ஏரியா சபை என்று நாம் பேச்சில் சொல்லும் அதே அமைப்புதான். அதன் வரலாறு நமக்கு மிக அருகில் இருக்கிறது. மத்திய அரசின் ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் 2005-இல் தொடங்கியபோது, நிதி பெறும் மாநிலங்கள் மக்கள் பங்கேற்புச் சட்டம் இயற்ற வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தது. தமிழ்நாடு 2010-இல் சட்டத் திருத்தம் செய்தது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2022-இல்தான் வந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் சட்டம் ஏட்டில் இருந்தது. அதன்பின் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்ட பகுதி சபைக் கூட்டம் நடந்ததே நம் பம்மலில்தான், தாம்பரம் மாநகராட்சியின் 6-ஆவது வார்டில். மாநிலம் முழுவதும் பேசப்பட்ட அந்த நாளின் பெருமையில் நமக்கும் பங்குண்டு. கிராம சபைக்கு இருக்கும் மதிப்பு நகரத்து மக்களுக்கும் வேண்டும் என்ற எண்ணம் முழுமையாக வரவேற்கத்தக்கது.

குறை அமைப்பின் உள்ளே இருக்கிறது. பகுதி சபைக்கான பிரதிநிதியை அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாமன்றம் நியமிக்கிறது. அந்தச் சபைகளுக்கு மேலே இருக்கும் வார்டு குழுவின் தலைவர் கவுன்சிலர். கூட்டத்தில் நாம் எழுந்து பேசலாம், குறைகளைச் சொல்லலாம், தேவைகளை வரிசைப்படுத்தித் தரலாம். ஆனால் இன்ன கேள்வியைத் தீர்மானமாக எடுத்து வாக்கெடுப்புக்கு விடுங்கள் என்று நூறு பேர் சேர்ந்து கேட்டாலும் அதை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. எடுத்து நிறைவேற்றினாலும் அது மாமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. இதனால்தான் பல இடங்களில் பகுதி சபை என்பது மைக் வைத்த மனு நாளாகச் சுருங்குகிறது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் ஒரு படி மேலே போயிருக்கிறது. கிராம சபை உறுப்பினர்களில் பத்து விழுக்காட்டினர் எழுத்தில் கேட்டால், அவர்கள் எழுதித் தரும் பொருளையே நிகழ்ச்சி நிரலாக வைத்துச் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும். அந்தச் சிறு விதி ஊர்ச் சபையின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பகுதியை மக்கள் கைக்கு மாற்றிவிடுகிறது.

அதற்கும் அடுத்த படி, கையெழுத்திலிருந்து வாக்குப் பெட்டி வரை போகும் வழி. இதற்கு முன்மாதிரி அயல்நாட்டில்தான் உண்டு என்று நினைக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தில் 2008 முதல் நடப்பில் இருக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள். ஒரு கிராமத்திலோ நகர வார்டிலோ உள்ள மதுக்கடையை மூட வேண்டும் என்று அங்குள்ள பெண் வாக்காளர்களில் 25 விழுக்காட்டினர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதிகாரிகள் அந்தக் கையெழுத்துகளைச் சரிபார்த்து, ரகசிய வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். வாக்குச் சீட்டில் இரண்டு படங்கள்: நிற்கும் பாட்டில், படுத்திருக்கும் பாட்டில். கடை இருக்கட்டும் என்பவர் நிற்கும் பாட்டிலில் முத்திரை குத்துவார், வேண்டாம் என்பவர் படுத்த பாட்டிலில். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவியும் தடுமாறாமல் தன் முடிவைச் சொல்லிவிடக்கூடிய சீட்டு அது. மொத்த வாக்காளர்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்கு விழ வேண்டும். வாக்களிக்க வந்தவர்களில் பாதி என்று கணக்கில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டவரின் மௌனம் கடைக்குச் சாதகமாகத்தான் போய்ச் சேரும். அத்தனை உயரமான வரம்பை வைத்தும் ஊர்ப் பெண்கள் வென்று கடைகள் மூடப்பட்டிருக்கின்றன. ராஜஸ்தானில் 1975-ஆம் ஆண்டு விதிகளின்படி 20 விழுக்காடு வாக்காளர்கள் கேட்டால் இதே போன்ற வாக்கெடுப்பு நடத்தலாம். 2016 மார்ச்சில் ராஜ்சமந்த் மாவட்டத்துக் கச்சபலி கிராமத்தில் 2,886 வாக்காளர்களில் 1,937 பேர் கடையை மூடச் சொல்லி வாக்களித்தார்கள். எதிர்த்து விழுந்தவை 33 மட்டுமே.

இதை நம் நிலையோடு ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். கடையின் இடத்துக்கு விதி இருக்கிறது: மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்துக்கும் கல்வி நிலையத்துக்கும் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், மற்ற இடங்களில் 100 மீட்டர். ஐம்பத்தோராவது மீட்டரில் கடை வைத்தால் விதி மீறப்படவில்லை. அந்தத் தெருவில் வாழும் பெண்களின் விருப்பத்துக்கு அளவுகோல் எதுவும் இல்லை. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபின், 2017-இல் தமிழகத்தில் ஆயிரக்கணக்கான கடைகள் இடம் மாற வேண்டி வந்தது. அவை குடியிருப்புகளுக்குள் வரத் தொடங்கியபோது பெண்கள் சாலைக்கு வந்தார்கள், சில இடங்களில் தடியடியும் நடந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, அவை நீதிமன்றம் வரை போயின. மகாராஷ்டிரத்துப் பெண்கள் வாக்குச் சாவடியில் அமைதியாக முடித்துக்கொண்ட வேலைக்கு நம் பெண்கள் தடியடி வாங்க வேண்டியிருந்தது. வாக்கெடுப்பு உரிமையைப் பற்றி அமைதிக் குலைவு என்று பயப்படுகிறவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மது என்ற ஒரு பொருளோடு இந்த உரிமை நின்றுவிட வேண்டியதில்லை என்பதற்கு மற்ற நாடுகள் சான்று. கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1903-இலும் மாநிலம் 1911-இலும் மக்களே சட்ட முன்மொழிவைக் கொண்டுவரும் முறையை ஏற்றன. ரயில்வே கம்பெனியின் பிடியில் சட்டமன்றம் சிக்கியிருக்கிறது என்ற கோபமே அதன் பின்னணி. இன்று அங்கே ஒரு நகரத்தில் இது எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்பது நமக்குப் பயன்படும். முதலில் சில குடிமக்கள் தாங்கள் கொண்டுவர விரும்பும் விதியின் முழு வாசகத்தை எழுதி நகர அலுவலரிடம் அறிவிக்கிறார்கள். நகரத்தின் சட்ட அலுவலர் அதற்கு நடுநிலையான தலைப்பும் சுருக்கமும் எழுதித் தருகிறார். கையெழுத்துத் தாளில் அந்தச் சுருக்கம் இருந்தாக வேண்டும், எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்று தெரியாமல் யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காக. பிறகு 180 நாட்களுக்குள் பதிவு செய்த வாக்காளர்களில் பத்து விழுக்காட்டினரின் கையெழுத்தைத் திரட்ட வேண்டும். அவை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிடப்படும். எண்ணிக்கை தேறிவிட்டால் நகர மன்றத்துக்கு இரண்டு வழி: அந்த விதியை அப்படியே தானே நிறைவேற்றலாம், அல்லது மக்கள் வாக்குக்கு விடலாம். கிடப்பில் போட வழியில்லை. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 1995-இல் மக்களே வாக்களித்து இந்த உரிமையை உள்ளாட்சிகளுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஊரின் அளவைப் பொறுத்து 3 முதல் 10 விழுக்காடு வரை கையெழுத்து போதும். அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டால், வாக்கெடுப்பு முடியும்வரை அதற்கு மாறான முடிவை ஊர் மன்றம் எடுக்கக் கூடாது. மனு பரிசீலனையில் இருக்கும்போதே கான்கிரீட் போட்டு முடித்துவிடும் வழக்கத்தை அறிந்த நமக்கு இந்த ஒரு விதியின் அருமை புரியும்.

இந்திய அரசமைப்பில் பொது வாக்கெடுப்புக்கு இடமில்லையே என்று சட்டம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நாடு முழுவதற்குமான வாக்கெடுப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை என்பது சரி. ஆனால் ஒரு குறிப்பிட்ட கேள்வியை ஒரு பகுதி மக்களிடம் கேட்பது இந்தியாவுக்குப் புதிதில்லை. கோவாவை மகாராஷ்டிரத்தோடு இணைப்பதா என்ற கேள்விக்கு நாடாளுமன்றமே 1966-இல் தனிச் சட்டம் இயற்றி, 1967 ஜனவரி 16 அன்று அங்குள்ள மக்களிடம் வாக்குக் கேட்டது. 1,72,191 பேர் தனித்தே இருப்போம் என்றார்கள், 1,38,170 பேர் இணைவோம் என்றார்கள், கோவா தனித்து நின்றது. இணைப்பைப் பற்றி மக்களைக் கேட்பது ஆட்சியைக் குலைத்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளை மாநகராட்சியில் சேர்க்கும் பேச்சு திரும்பத் திரும்ப எழும் இந்த நேரத்தில், நூறு நாள் வேலை போய்விடுமே, வரி ஏறிவிடுமே, கிராம சபை இல்லாமல் போய்விடுமே என்று அஞ்சும் மக்களுக்கு அந்தக் கேள்வி நேராக வைக்கப்பட வேண்டும். 2013-இல் ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வரலாமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே சொல்லட்டும் என்று உச்ச நீதிமன்றம் விட்டது. பன்னிரண்டு கிராம சபைகளும் வேண்டாம் என்றன. அங்கே சுரங்கம் வரவில்லை. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தில் வார்டு வாக்கெடுப்புக்கு ஒரு பிரிவைச் சேர்க்கத் தில்லியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் சட்டமன்றம் நினைத்தால் போதும்.

இனி எதிர்வாதங்கள். அவற்றில் மிகக் கனமானதை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதற்கு விடை இல்லாமல் இந்த உரிமையைக் கேட்கும் தகுதி நமக்கில்லை. பெரும்பான்மை கூடிச் சிறுபான்மையை மிதித்துவிடாதா? மிதிக்கும். 2009-இல் சுவிட்சர்லாந்தில் புதிய மசூதிக் கோபுரங்களைத் தடை செய்யும் முன்மொழிவு 57.5 விழுக்காடு வாக்கோடு வென்றது. கிராமம் என்பது குறுகிய மனத்தின் கூடாரம் என்ற பொருளில் அரசமைப்பு அவையில் அம்பேத்கர் 1948-இல் எச்சரித்ததற்கும் காரணம் இருந்தது. ஊர் கூடி எடுத்த முடிவுகளால் சேரி மக்கள் பட்டது அவருக்குத் தெரியும். நம் மேடைகளில் உள்ளாட்சி என்றாலே உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் பராந்தக சோழன் காலத்துக் குடவோலையில் பெயர் எழுதப்பட நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊரின் உழைக்கும் மக்கள் ஓலை இட்ட பானையின் பக்கம்கூட வர முடியாது. அது நமக்கு முன்மாதிரி ஆகாது. எனவே வாக்கெடுப்புக்குப் போகவே கூடாத பொருள்களைச் சட்டமே வேலியிட்டு ஒதுக்க வேண்டும். வழிபாட்டுத் தலங்கள், சாதி சமயம் சார்ந்த எதுவும், தனி மனிதர்கள், ஒரு குடியிருப்பையோ சாலையோர வியாபாரிகளையோ அப்புறப்படுத்துவது, ஒரு பகுதியினருக்குக் கிடைக்கும் குடிநீரையோ வழியையோ மறுப்பது ஆகிய எதையும் கையெழுத்துத் தாளில் ஏற்றக் கூடாது. கையெழுத்து திரட்டத் தொடங்கும் முன்பே மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கீழ் ஒரு சுதந்திரமான அலுவலர் கேள்வியைச் சோதித்து அனுமதிக்க வேண்டும். அடிப்படை உரிமைகள் வாக்கெண்ணிக்கைக்கு அப்பாற்பட்டவை.

இதே இடத்தில் உங்களிடம் ஒளிக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். நம் சங்கங்களில் பெரும்பாலானவை வீட்டு உரிமையாளர்களின் சங்கங்கள். வாடகைக்கு இருப்பவர் பலருக்கு உறுப்பினர் சேர்க்கை கிடையாது, இருந்தாலும் நிர்வாகக் குழுவில் இடம் கிடையாது. தாம்பரம் ரயில் நிலையத்தில் விடியற்காலை இறங்கி வேலைக்குப் போகிறவர்கள், குப்பை வண்டி ஓட்டுகிறவர்கள், ஏரிக்கரைக் குடிசைகளில் இருப்பவர்கள் நம் கூட்டங்களின் நாற்காலிகளில் அமர்வது அரிது. கையெழுத்து உரிமை வாக்காளர் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் சமமாக இருக்கும். அதில் உரிமையாளர், வாடகைதாரர் என்ற பிரிவே இருக்காது. நாம் கேட்கும் இந்த உரிமை ஒரு நாள் நாம் விரும்பாத கேள்வியைக் கொண்டு வரலாம், நாம் தோற்கலாம். அதற்கும் சம்மதித்துத்தான் கேட்க வேண்டும். சங்கங்கள் இப்போதே வாடகைதாரர்களையும் சேர்த்துக்கொள்வது இந்தக் கோரிக்கைக்கு நாம் தரும் முதல் நம்பகத்தன்மை.

அடுத்து, வரியும் பணமும். 1978-இல் கலிபோர்னிய மக்கள் தாங்களே கொண்டுவந்த 13-ஆம் முன்மொழிவின் மூலம் சொத்து வரியை வீட்டு மதிப்பில் ஒரு விழுக்காட்டோடு நிறுத்தி, மதிப்பு ஏறும் வேகத்தையும் ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்குள் கட்டிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் ஆகியும் அந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில் பழைய உரிமையாளர் கட்டுவது சொற்பமாகவும், புதிதாக வாங்கியவர் கட்டுவது பல மடங்காகவும் இருக்கிறது. உள்ளாட்சிகள் பணத்துக்கு மாநிலத்தை நோக்கிக் கையேந்தும் நிலையும் அதனால் கூடியது. நம் மாநகராட்சிக்கு ஏற்கெனவே சொந்த வருவாய் போதவில்லை. எனவே ஊழியர் சம்பளம், மொத்த வரவு செலவுத் திட்டம் ஆகியவை வாக்கெடுப்புக்கு வரக் கூடாது என்று பவேரியா வைத்திருக்கும் விலக்கை நாமும் ஏற்று, வரி விகிதத்தையும் அதில் சேர்க்க வேண்டும். வரி உயர்வைப் பற்றிக் கோபமாக இருக்கும் நண்பர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் பாதாளச் சாக்கடையும் வேண்டும், வரியும் வேண்டாம் என்று இரண்டு சீட்டில் வாக்களிக்கும் உரிமையை எந்த நிர்வாகமும் தாங்காது. எந்த வேலை முதலில், எந்த இடத்தில் குப்பை பிரிக்கும் நிலையம், எந்தப் பூங்கா நிலம் வேறு பயன்பாட்டுக்குப் போகக் கூடாது, எந்த ஏரிக்கரையில் கட்டடம் கூடாது என்பன போன்ற கேள்விகளே வார்டு வாக்கெடுப்புக்கு உகந்தவை. அவையே நம்மை அன்றாடம் தொடுபவையும்கூட.

ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் நாட்டில் இது விளங்குமா என்று கேட்பவர்களை ஒதுக்கிவிட முடியாது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே பண விநியோகத்தால் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. கையெழுத்துக்கும் விலை வைக்கப்படலாம். அமெரிக்காவில் கூலிக்குக் கையெழுத்து திரட்டும் கம்பெனிகளே உண்டு. கூலிக்குத் திரட்டுவதைக் குற்றமாக்குவதும், திரட்டுபவர் அந்த வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும் என்பதும், செலவுக் கணக்கை வெளியிடுவதும் தேவையான தடுப்புகள். இருந்தும் ஒரு நிலம் வாங்கும் நிறுவனம் தனக்குச் சாதகமான கேள்வியைக் கிளப்பிவிடாதா? கிளப்பலாம். ஆனால் இன்று அதே நிறுவனம் சில அலுவலக அறைகளில் சிலரைச் சம்மதிக்க வைத்தால் போதும், நமக்குச் செய்தி தெரிவதே வேலை முடிந்த பிறகுதான். பல ஆயிரம் பேர் பார்வையில், எதிர்த் தரப்பின் வாதமும் அச்சிடப்பட்டு வீட்டுக்கு வீடு தரப்பட்ட பிறகு வாங்குவது அதைவிடக் கடினம். சுவிட்சர்லாந்தில் ஒவ்வொரு வாக்கெடுப்புக்கு முன்பும் இரு தரப்பு வாதங்களும் அடங்கிய விளக்கக் கையேடு வாக்காளரின் வீட்டுக்கு வருகிறது. நான்கு பக்கத்தில் எளிய தமிழில் அப்படி ஒன்றை அச்சிடுவது நம் மாநகராட்சிக்குப் பெரிய செலவாகாது.

கவுன்சிலர்களின் அதிகாரம் குறையும் என்ற கவலையும் வரும். கவுன்சிலருக்கு வார்டில் இருக்கும் உண்மையான துன்பம், மேலிருந்து வரும் திட்டத்துக்கும் கீழிருந்து வரும் கோபத்துக்கும் நடுவே எந்தப் பிடிமானமும் இல்லாமல் நிற்பது. என் வார்டு மக்கள் வாக்களித்துச் சொன்ன முடிவு இது என்று மாமன்றத்தில் எழுந்து பேசக் கிடைப்பது அவருக்குப் பலம்தான். தேர்தல் செலவைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு ஒரே ஒரு வாக்கெடுப்பு நாள் என்று வைத்து, வந்து சேரும் கேள்விகளை எல்லாம் அன்று ஒரே சீட்டில் கேட்டுவிடலாம்.

சாதாரண மக்களுக்கு இத்தனை பொறுப்பு இருக்குமா என்ற கேள்விக்கு இந்தப் பகுதியே பதில் சொல்லியிருக்கிறது. 2019-இன் வறண்ட கோடையில் சிட்லபாக்கம் ஏரியில் மக்கள் தாங்களே இறங்கிக் குப்பையை அள்ளினார்கள், வாரக் கணக்கில் அள்ளினார்கள். அதன் பிறகுதான் ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. தங்கள் கையால் ஏரியைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்களுக்கு, அந்த ஏரிக்கரையில் என்ன வரலாம், என்ன வரக் கூடாது என்று வாக்களிக்கவும் தெரியும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் மாடிவரை ஏறியதைக் கண்டவர்களுக்கு எந்த வழியில் தண்ணீர் போகும் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியது. 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027-இன் தொடக்கத்தோடு நிறைவடைகிறது. அந்தத் தேர்தலில் உங்கள் வார்டில் நிற்கும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், எந்தக் கட்சியானாலும், வார்டு வாக்கெடுப்புச் சட்டத்தை ஆதரித்து மாமன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவேன் என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன்னதாக, உரிமை வந்துவிட்டதைப் போலவே நடந்து காட்டுங்கள். 2011 கணக்கெடுப்பிலேயே ஏழு லட்சம் அளவு மக்கள் இருந்த மாநகராட்சியில் 70 வார்டுகள். ஒரு வார்டுக்கு எட்டாயிரம் வாக்காளர்கள் என்று வைத்துக்கொண்டாலும் பத்து விழுக்காடு என்பது எண்ணூறு கையெழுத்து. நாலைந்து தெருக்காரர்கள் ஒரு மாதம் மாலை வேளைகளில் நடந்தால் முடிகிற வேலை. தாளில் முதலில் கேள்வியை ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி இரண்டு வரிக்குள் எழுதுங்கள். கீழே பெயர், தெரு, வாக்காளர் பட்டியலின் பாகம் எண், வரிசை எண், கையெழுத்து என்று கட்டம் போடுங்கள். பாகம் எண் இல்லாத கையெழுத்தை வாங்காதீர்கள், ஒப்பிட முடியாத கையெழுத்து வெறும் ஆதரவுக் கடிதமாகிவிடும். வாடகைக்கு இருப்பவரின் கதவையும் ஏரிக்கரைக் குடிசையின் கதவையும் கட்டாயம் தட்டுங்கள். பகுதி சபைக் கூட்டங்களுக்கென்று குறித்திருக்கும் நாட்களில் அடுத்து எது வருகிறதோ அன்று அந்தத் தாள்களைக் கூட்டத்தில் நேரில் கொடுத்து, உங்கள் கேள்வியைக் கைதூக்கி வாக்கெடுக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்ற எண்ணிக்கை கூட்டப் பதிவேட்டில் எழுதப்பட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பகுதியின் ஒரு வாக்காளர்